பச்சைப் பூசணமும் வெள்ளைப் பண்டிதரும்

கூழாங்குட்டைக் காட்டில் மிருகங்கள் எல்லாம் வேர்க்கடலை பயிரிட்டன. காட்டுப்பன்றி கொம்பையா மட்டும் பயிரிடவில்லை. அவர் தலைவர்.

குட்டைக்கு மேற்கே செம்மண் பூமி. ஆளுக்கு ஒரு துண்டு. மேட்டில் முதல் துண்டு முயல் செல்லக்கண்ணுவுக்கு. அடுத்தது அணிலுக்கு, அப்புறம் பெருச்சாளிக்கு, மயிலுக்கு. எல்லாம் போக, மழைத் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளத்தில் ஒரு துண்டு மிஞ்சியது. அது முள்ளம்பன்றி சிலும்பாயிக்கு.

சிலும்பாயிக்குப் புருஷன் இல்லை. இரண்டு குட்டிகள் இருந்தன. அவற்றின் முதுகில் முள் இன்னும் முள்ளாகவில்லை. ஈரப் புல்லைப் போல, தொட்ட பக்கம் வளைந்தது.

அந்தக் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. தொடர்ந்து இரண்டு போகம் விளையாத துண்டைத் தலைவர் எடுத்துக்கொள்வார். துண்டை இழந்தவர்கள் ஆற்றைத் தாண்டிப் பாறைமேட்டுக்குக் குடிபோக வேண்டும். பாறைமேட்டில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஒரு சிறுத்தை இருந்தது.

போன போகத்தில் சிலும்பாயியின் துண்டில் பாதிக்கு மேல் செத்துப்போயிற்று. நாற்பது நாள் நன்றாக வளர்ந்த செடி, ஒரு காலையில் தலை தொங்கும். மறுநாள் பழுக்கும். மூன்றாம் நாள் இழுத்தால் கையோடு வரும். தண்டின் அடியில் மண்ணை ஒட்டி வெள்ளை வெள்ளையாய் நூல் சுற்றியிருக்கும். அந்த நூலில் கடுகு கடுகாய் ஏதோ உருண்டு கிடக்கும்.

மற்றவர்கள் துண்டிலும் அங்கங்கே செத்தது. ஆனால் அங்கங்கே செத்தால் அதற்குப் பெயர் திருஷ்டி. பாதிக்கு மேல் செத்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

"ஒரு போகம் போச்சு, சிலும்பாயி! இன்னும் ஒண்ணுதான்!" என்றார் கொம்பையா. சொல்லும்போது அவர் பார்வை நிலத்தின் மேல்தான் இருந்தது.

சிலும்பாயிக்கு மனதுக்குள் ஒன்று குடைய ஆரம்பித்தால் இருப்புக் கொள்ளாது. அறுவடைக்கு நின்ற வயலில் வரப்பு வரப்பாய் நடந்தாள். செத்த செடிகளைக் கிளறிக் கிளறி மோந்தாள். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வடகிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்கு ஒரு செடிகூடச் சாகவில்லை! நடுவில் ஒரு வளை. அது சாணவண்டு உருட்டனின் வீடு.

"எலே உருட்டா! உன் வாசலைச் சுத்தி மட்டும் செடி பொழைச்சிருக்கே! என்ன பண்ணினே?"

உருட்டன் பின்னங்காலால் ஒரு சாணி உருண்டையைத் தள்ளிக்கொண்டே வந்தான்.

"நான் என்னக்கா பண்ணுவேன்? சாணி உருட்டினேன். பொறந்ததுலேருந்து அதைத்தானே பண்றேன்!"

"இந்த உருண்டை ஏன் பச்சையா இருக்கு?"

"அது போன மாசத்து உருண்டை. பூசணம் புடிச்சுப் போச்சு. அதை நான் தின்ன மாட்டேன். சாணி தின்கிறவனுக்கும் ஒரு மரியாதை இருக்கில்ல!"

சிலும்பாயி அந்த உருண்டையை மோந்து பார்த்தாள். நாறவில்லை. உடைத்த தேங்காய் வாசம் அடித்தது.

அவள் செத்த செடி ஒன்றின் அடித்தண்டை, வெள்ளை நூலோடு அப்படியே எடுத்துவந்து, அந்தப் பச்சை உருண்டைக்குள் செருகி வைத்தாள். தினமும் பொழுது சாயும் நேரத்துக்கு வந்து பார்த்தாள். மூன்றாம் நாள் பச்சை, வெள்ளையின் மேல் ஏறியது. ஐந்தாம் நாள் கொடி கொம்பைச் சுற்றுவதுபோல வெள்ளை நூலைச் சுற்றியது. பத்தாம் நாள் வெள்ளை இல்லை. கடுகு மணிகளை நசுக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் தோல்.

"உருட்டா! இது வெள்ளையைத் தின்னுதுடா!"

"தின்னட்டுமே! என் சோத்தைத் தின்னாதவரைக்கும் யார் எதைத் தின்னா எனக்கென்னக்கா?"

"எனக்கு ஒரு குவியல் சாணி வேணும்."

உருட்டன் நின்றுவிட்டான். அவனிடம் யாரும் இதுவரை சாணி கேட்டதில்லை. அவன் கண் கலங்கிப்போயிற்று.

"அக்கா, எவ்வளவு வேணும்னு சொல்லு! மலையாட்டம் குமிச்சுடறேன்!"

புங்கமரத்து நிழலில் சாணியைக் குவித்தார்கள். பச்சை உருண்டைகளை உதிர்த்து உள்ளே கலந்தார்கள். மேலே வைக்கோல் போட்டு மூடினார்கள். சிலும்பாயி குட்டையில் வாயை நிரப்பிக்கொண்டு வந்து தெளிப்பாள். ஊறவும் விடவில்லை, காயவும் விடவில்லை. பதினைந்து நாளில் வைக்கோலை விலக்கியபோது, குவியல் முழுக்கப் பாசிபடிந்த பாறைபோலப் பச்சை பூத்திருந்தது.

வீட்டில் ஒரு பானை விதைக்கடலை மிச்சம் இருந்தது. குட்டிகள் பசியென்று அழுத நாளிலும் அவள் அதில் கை வைக்கவில்லை. அந்த விதையை எடுத்து, பச்சைத் தூளில் போட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்தினாள். இனி விதைக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் கூழாங்குட்டையில் யாரும் அப்படிச் சும்மா விதைத்துவிட முடியாது. முதலில் விதைப் பார்வை நடக்க வேண்டும்.

ஆடி பிறந்து முதல் மழை விழுந்ததும் குட்டைக்கரையில் எல்லாரும் தங்கள் விதையைத் தேக்கிலையில் பரப்பி வைப்பார்கள். தலைவர் ஒவ்வொரு இலையாகப் பார்த்து, "நல்லது" என்று சொல்லுவார். சொல்லும்போது ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வார். அவர் சொல்லாத விதை மண்ணில் விழக் கூடாது.

அன்று முயலின் இலையில் விதை இளஞ்சிவப்பாய் மின்னியது. அணிலின் இலை, பெருச்சாளியின் இலை, மயிலின் இலை எல்லாம் பளபளவென்று இருந்தன. கடைசியில் சிலும்பாயியின் இலை. கொம்பையா வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டார்.

"என்ன இது? பச்சையா!"

"ஐயையோ!" என்று துள்ளிப் பின்னால் குதித்தான் செல்லக்கண்ணு. "சிலும்பாயி அக்கா விதையில பூசணம்! பூசணம் புடிச்ச விதையைக் கொண்டாந்திருக்கு!"

"புடிக்கலை, செல்லக்கண்ணு. நானே பூசினேன்."

கூட்டம் திகைத்தது. பூசணம் பிடித்தால் துரதிர்ஷ்டம். தானே பூசினால் அது வேறு. அதற்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"பூசணத்தைப் பத்தி நமக்கு என்ன தெரியும்? தெரிஞ்சவரைக் கூப்பிடுங்க! பண்டிதரைக் கூப்பிடுங்க!" என்றார் கொம்பையா.

பண்டிதர் என்றால் கறையான் புற்றுடையார். அந்தக் காட்டில் பூசணம், காளான் விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவருடைய புற்றுக்குள் ஏழு அடுக்கு. ஏழு அடுக்கிலும் வெள்ளைக் காளான் தோட்டம். அவருடைய குடும்பத்தார் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அந்தக் காளானை வளர்த்து, அதையே தின்று, அதையே பேசி வாழ்கிறவர்கள். வெயில் ஆகாத உடம்பு என்பதால், ஈரமண் உருண்டைக்குள் வைத்து அவரைத் தூக்கிவந்தார்கள். உருண்டையில் ஒரு ஓட்டை. அதன் வழியாக வெளுத்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"எங்கே அந்தப் பூசணம்? அருகில் காட்டுங்கள்!"

சிலும்பாயி இலையை நகர்த்தினாள். பண்டிதர் ஒருமுறை மோந்தார். அவ்வளவுதான். மண் உருண்டையே நடுங்கியது.

"கொலைகாரன்! இவன் கொலைகாரன்! போன மழைக்காலத்தில் இதே பச்சை, இதே நாற்றம், என் வீட்டின் ஐந்தாம் அடுக்கில் நுழைந்தது. மூன்றே நாளில் தோட்டம் முழுவதும் போயிற்று. இருநூறு குஞ்சுகள் பட்டினியில் செத்தன. என் கண் முன்னால் செத்தன!"

பண்டிதர் அழுதார். அது நிஜமான அழுகை. சிலும்பாயிக்கே நெஞ்சு கனத்தது. இருந்தாலும் அவள் ஒன்று கேட்டாள்.

"பண்டிதரே, உங்க வீட்டுல அது எதைத் தின்னுச்சு?"

"எதையா! எங்கள் வெள்ளைக் காளானை!"

"என் வயல்ல செடியைச் சாகடிக்கிறதும் ஒரு வெள்ளைதானே, பண்டிதரே? அதையும் தின்னா நல்லதுதானே?"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. பெருச்சாளி காதைப் பொத்திக்கொண்டது.

"எந்த வெள்ளை? காட்டு, பார்க்கலாம்!" என்றார் பண்டிதர்.

சிலும்பாயி எடுத்துவைத்திருந்த நோய்த் தண்டு ஒன்றை நீட்டினாள். வெள்ளை நூல் அதில் பஞ்சுபோல் சுற்றியிருந்தது. பண்டிதரின் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆகா! என்ன வெண்மை! என்ன மென்மை! இது எங்கள் காளானுக்குப் பங்காளி முறை வேண்டும். பூசணங்களில் வெள்ளை உயர்ந்தது. கருப்பு நடுத்தரம். பச்சை சண்டாளம். இந்த வெள்ளை எந்தச் செடியில் இருக்கிறதோ அந்தச் செடிக்குக் குறை வராது!"

"அந்தச் செடி செத்துப்போச்சே, பண்டிதரே!" என்றான் உருட்டன் பின்னாலிருந்து.

"செத்த செடியையும் கைவிடாமல் கட்டிக்கொண்டிருக்கிறது பார்! அதுதான் விசுவாசம்!"

இந்தப் பதிலில் எல்லாரும் சொக்கிப்போனார்கள். மயில் தோகையை விரித்தது.

"சாணி உருட்டுறவன் பண்டிதர்கிட்ட வாய் காட்டுறான்!" என்று செல்லக்கண்ணு சிரித்தான். "பச்சைக்கும் அவனுக்கும்தான் சரியான ஜோடி!"

கொம்பையா தொண்டையைச் செருமினார். தீர்ப்பு வந்தது.

"ஒண்ணு! எல்லாரும் அவங்கவங்க விதையில பண்டிதர் பாராட்டின வெள்ளையைக் கொஞ்சம் தூவிக்கணும். ரெண்டு! சிலும்பாயி இந்த விதையைச் சாம்பத் தண்ணியில கழுவணும், என் கண் முன்னால. மூணு! அந்தப் பச்சைச் சாணிக் குவியலை அப்புறப்படுத்தணும்."

"எங்கே போடறது, தலைவரே?" என்று கேட்டான் உருட்டன்.

"என் துண்டுல வேண்டாம்!" என்றான் செல்லக்கண்ணு.

"என் துண்டுலயும் வேண்டாம்!" என்றன அணிலும் பெருச்சாளியும் மயிலும்.

கொம்பையா யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் நெற்றி சுருங்கியது.

"யார் பண்ணின அசிங்கமோ அவ துண்டுலயே கொட்டு! ஒரு கூடைகூட வெளியில சிந்தக் கூடாது. அவ துண்டைச் சுத்தி ஆழமா ஒரு பள்ளம் வெட்டிடுங்க. அந்தப் பச்சை நம்ம பக்கம் வரப்படாது!"

சிலும்பாயி எல்லார் கண் முன்னாலும் விதையைச் சாம்பல் தண்ணீரில் கழுவினாள். பச்சை கரைந்து ஓடியது. குட்டிகள் அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டன.

அன்று முழுக்க எல்லாரும் வேலை செய்தார்கள். பச்சைச் சாணி முழுவதையும் சுமந்துவந்து அவள் துண்டில் கொட்டினார்கள். சிந்தக் கூடாது என்பதால், ஏறக்குறைய துண்டு முழுக்க நிரவி, மண்ணைப் போட்டு மூடிவிட்டும் போனார்கள். சாணியைத் தொட்ட கையை மூன்று முறை கழுவிக்கொண்டார்கள். சுற்றிலும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள். மேட்டுத் துண்டுகளிலிருந்து வழக்கமாக இறங்கும் மழைத் தண்ணீர் இப்போது பள்ளத்தோடு போய்விட்டது. சிலும்பாயியின் துண்டில் முதல்முறையாகத் தண்ணீர் தேங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு உருட்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டான்.

"அக்கா! இந்த வேலையை நாம ரெண்டு பேரும் செஞ்சிருந்தா ஒரு மாசம் ஆகியிருக்கும்! ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துட்டானுங்க. அதுவும் திட்டிக்கிட்டே!"

"சிரிக்காதே. விதையைக் கழுவிட்டேனே."

"கழுவினா என்ன? மண்ணு பூரா அதுதானே கெடக்கு!"

சிலும்பாயி மண்ணைக் கிளறி ஒரு பிடி பச்சைச் சாணியை எடுத்தாள். கழுவிய விதையை அதில் இன்னொரு தரம் புரட்டினாள். ஒவ்வொரு குழியிலும் ஒரு விதை. மண்ணைத் தள்ளி மூடும்போதெல்லாம் அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாறைமேடு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

மேட்டுத் துண்டுக்காரர்கள் தங்கள் விதையில் வெள்ளையைத் தூவி விதைத்தார்கள். மழை நன்றாகப் பெய்தது. எல்லார் துண்டிலும் செடி எழுந்தது. நாற்பதாம் நாள் வந்தது.

மேட்டுத் துண்டுகளில் செடிகளின் அடியில் வெள்ளை நூல் சுற்ற ஆரம்பித்தது. போன போகத்தில் அதைப் பார்த்துப் பயந்த செல்லக்கண்ணு இப்போது காதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"வாங்க, வாங்க! என் செடிக்கெல்லாம் வெள்ளிக் கொலுசு போட்டாப்ல இருக்கு! பண்டிதர் வாக்கு பலிச்சிடுச்சு!"

"என் செடியிலயும்!" என்றது அணில். "எனக்கு ரெண்டு சுத்துக் கொலுசு!"

அடுத்த வாரம் கொலுசில் கடுகு கடுகாய் மணிகள் வந்தன. அது விளைச்சலின் அடையாளம் என்று பெருச்சாளி சொன்னது. மண்ணுக்கு அடியில் காய்க்கிற கடலை, பண்டிதர் அருளால் மண்ணுக்கு மேலேயே காய்க்கத் தொடங்கிவிட்டதாம். அணில் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தது. கசந்தது. இன்னும் முற்றவில்லை என்று துப்பிவிட்டது.

சிலும்பாயி பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள்.

"செல்லக்கண்ணு! அது கொலுசு இல்லப்பா! அந்தச் செடியைப் புடுங்கித் தூரப் போடு! நான் கொஞ்சம் பச்சைச் சாணி தரேன்!"

"பாருங்க, வயித்தெரிச்சலை!" என்றான் செல்லக்கண்ணு. "தன் செடிக்குக் கொலுசு இல்லைன்னு பேசறா!"

மூன்றாவது வாரம் செடிகள் தலை தொங்கின. முதலில் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. பிறகு வரிசை வரிசையாய். ஐப்பசி பிறப்பதற்குள் மேட்டு வயல் முழுக்கப் பழுத்துச் சாய்ந்துவிட்டது. இழுத்தால் கையோடு வந்தது.

பண்டிதரை மறுபடி தூக்கிவந்தார்கள். அவர் ஓட்டை வழியாக வயலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளை நன்றாகத்தான் செழித்திருக்கிறது," என்றார்.

"செடி செத்துப்போச்சே, பண்டிதரே!" என்றது கூட்டம்.

"அதற்கு வெள்ளை என்ன செய்யும்? காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது?"

எல்லாரும் மூக்கைத் தூக்கினார்கள். பள்ளத்துப் பக்கமிருந்து அடித்தது. மெல்லிசாகத் தேங்காய் வாசம் வந்தது.

அது போதுமாக இருந்தது.

"சிலும்பாயி!" கொம்பையா பள்ளத்தை ஒரே தாவாகத் தாவினார். பின்னால் கூட்டம். "உன் பச்சை எங்க வயலைச் சாப்பிட்டுடுச்சு! உன் துண்டை ஒரு செடி விடாம கிளறி எறியப் போறேன்! இன்னைக்கே ஆத்தைத் தாண்டு!"

சிலும்பாயி குட்டிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு முள்ளைச் சிலிர்த்தாள். அவர் அந்தப் பக்கமாக வரவில்லை. சுற்றிக்கொண்டு போய், கடைசி வரிசையில் மூக்கை மண்ணுக்குள் விட்டு ஒரு நெம்பு நெம்பினார்.

செடி வேரோடு மேலே வந்தது. வேர் முழுக்கக் கொத்துக் கொத்தாய்க் கடலை! அவருடைய கோரைப்பல்லில் இரண்டு கொத்து மாட்டிக்கொண்டு தொங்கியது.

கொம்பையா கோபமாகத்தான் இருந்தார். ஆனால் வாய்க்குப் பக்கத்தில் கடலை தொங்கினால் அவர் வாய் அவரைக் கேட்காது. கடித்தார். மென்றார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முழுங்கினார். இன்னொரு கொத்து மென்றார்.

"இது என்ன?"

"கடலைங்க, ஐயா."

"அது தெரியுது! இது எப்படி?"

"நீங்க கொட்டச் சொன்ன குப்பைதாங்க. மறுபடி விதைக்கும் பூசினேன். அது வெள்ளையைத் தின்னுச்சு. செடியைத் தொடலை. அதோ, அந்த ஓரத்துல உங்க ஆளுங்க சாணி கொட்ட மறந்த இடத்துல மட்டும், விதையில பூசினது போதாம, ஏழெட்டுச் செடி போயிடுச்சு. பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். ஓரத்தில் ஏழெட்டுச் செடி செத்துக் கிடந்தது. அடியில் வெள்ளைக் கொலுசு.

யாரும் பேசவில்லை. கூட்டம் ஒன்று பேசாமல் நின்றால் அது வெட்கப்படுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்து யாரைத் திட்டலாம் என்று யோசிக்கிறது.

"அப்போ அந்தக் கறையான் நம்மளை ஏமாத்திட்டான்!" என்று அலறினான் செல்லக்கண்ணு.

"ஆமா! பச்சைதான் சாமி! வெள்ளைதான் பிசாசு!" என்றது மயில்.

கொம்பையாவுக்கும் உயிர் வந்தது.

"எடுங்க அந்தப் பச்சைச் சாணியை! அந்த ஆளை அவன் உருண்டையோட கொண்டுபோய்ப் புத்துக்குள்ள தள்ளுங்க! ஏழு அடுக்குலயும் பச்சையைத் திணிங்க! சாமி எல்லா இடத்துலயும் இருக்கட்டும்!"

ஆடியில் கையால் தொட அருவருத்த சாணியை, இப்போது தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

சிலும்பாயி தன் வயலில் நின்றாள். கடலை விளைந்துவிட்டது. நிலம் தங்கிவிட்டது. குட்டிகள் ஏற்கெனவே ஒரு கொத்தை உரித்துக்கொண்டிருந்தன. இனி யார் எப்படிப் போனால் அவளுக்கு என்ன? அவள் ஒரு கடலையை வாயில் போட்டாள். மெல்ல முடியவில்லை. இருநூறு குஞ்சுகள் என்று சொல்லி அழுத அந்த வெளுத்த முகம் உள்ளே குடைந்தது.

"உருட்டா, குட்டிகளைப் பாத்துக்கோ!"

குறுக்கு வழியாக ஓடி, கூட்டத்துக்கு முன்னால் புற்றை அடைந்தாள். வாசல் துவாரத்தை முதுகால் அடைத்து உட்கார்ந்து, முள் அத்தனையையும் நிமிர்த்தினாள்.

"நகரு, சிலும்பாயி!" என்றார் கொம்பையா. "உன்னைக் கெடுக்கப் பார்த்தவன் அவன்! உனக்காகத்தான் செய்யறோம்!"

"எனக்காக வேண்டாங்க. என் வயலைப் பத்தி அவர் சொன்னது தப்பு. அவர் வீட்டைப் பத்தி அவர் சொன்னது சரி. இந்தப் பச்சை இங்கே நுழைஞ்சா குஞ்சு குளுவான் எல்லாம் செத்துப்போகும்."

"நல்ல பொருள் எப்படிக் கெடுதல் பண்ணும்?"

"நல்ல பொருள்னு யாருங்க சொன்னது? வெள்ளையைத் தின்கிற பொருள்னுதான் நான் சொன்னேன்."

கொம்பையாவுக்கு இந்த நியாயம் புரியவில்லை. முள் புரிந்தது. மூக்குக்கு நேராக முப்பது முள் நின்றது. அவர் மெதுவாகப் பின்வாங்கி, "சரி, சரி. சாணியைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போங்க. வீணாக்க வேண்டாம்!" என்றார். பண்டிதரின் மண் உருண்டையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கூட்டம் கலைந்தது.

உருண்டையின் ஓட்டையில் முகம் தெரிந்தது. சிலும்பாயி நகர்ந்து வழிவிட்டாள். பண்டிதர் காற்றை மோந்தார்.

"சீ! வாசலிலேயே பச்சை நாற்றம்! உன் முதுகிலிருந்துதான் வருகிறது. தள்ளிப் போ!"

சிலும்பாயி தள்ளிப் போனாள். அவர் சொன்னது சரிதான். அவள் முதுகில் ஒட்டியிருந்தது.

மறு வருஷ விதைப் பார்வைக்குக் கொம்பையா நெற்றியில் பச்சைச் சாணியைப் பட்டையாக இட்டுக்கொண்டு வந்தார். தான் அன்று குப்பையைக் கொட்டச் சொன்னதால்தான் காட்டுக்கு விளைச்சல் வந்தது என்றார். அது பொய்யும் இல்லை. பச்சை பூசாத விதை மண்ணில் விழக் கூடாது என்று புதுச் சட்டம் வந்தது. இரண்டு போகச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மேட்டுத் துண்டுக்காரர்களுக்கும் இப்போது ஒரு போகம் போயிருந்தது.

செல்லக்கண்ணு சிலும்பாயியிடம் ஒரு கூடை பச்சைச் சாணி வாங்கினான்.

"நிழல்ல வை. ஈரம் காயவிடாதே. சாம்பல் கலக்காதே," என்றாள் அவள்.

"தெரியும், தெரியும்!" என்றான் அவன். சாமிக்கு ஈரம் ஆகாது என்று, நேரே கொண்டுபோய்ப் பாறை வெயிலில் சுத்தமாகக் காயவைத்தான்.

உருட்டன்தான் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். சிலும்பாயி பெருமூச்சு விட்டாள். இன்னொரு கூடையை நிரப்பினாள். அவள் புறப்பட, குட்டிகளும் பின்னால் ஓடின. அவற்றின் முதுகில் முள் இப்போது நன்றாக முற்றியிருந்தது. நடக்க நடக்க அது சலசலவென்று சத்தம் போட்டது.

ஒன்று நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால், அது யார் வீட்டில் எதைத் தின்கிறது என்று கேட்க வேண்டும். கேட்காதவர்கள் தங்கள் காவல்காரனை விரட்டிவிட்டு, கொல்ல வந்தவனுக்குக் கொலுசு என்று பெயர் வைப்பார்கள்.